கைவழி வந்த உறவு

நுழையும்முன்

ராபர்ட் கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டதும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே தமிழர் நினைவில் எழும். அந்நூலை எழுதியவர் இளமையில் ஓவியம் பயின்றவர். பனங்காட்டு மணலில் ஊர் ஒன்றை அமைத்தவர். கல்தச்சரோடு பல்லாண்டு நின்று கோவில் எழுப்பியவர். கொற்கை மண்ணை அகழ்ந்து பார்த்தவர். அவருடைய வாழ்வின் அப்பகுதியை இப்பாடம் கூறுகிறது.

ஆறும் தேரியும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் இரு கரைகளிலும் நெல்லும் வாழையும் செழிக்கும். ஆற்றோரத்தில் வளரும் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்துப் பத்தமடையில் பாய் நெய்கின்றனர். ஆற்றை விட்டுத் தெற்கே செல்லச் செல்லக் காட்சி மாறும். வயல்கள் குறையும். காற்று வீசுந்தோறும் இடம்பெயரும் செம்மணல் மேடுகள் தோன்றும். அவற்றைத் தேரி என்பர். அங்கே மழை குறைவு. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பனைமரங்கள். அம்மணற்பரப்பின் தென்கோடியில், திசையன்விளைக்கு அருகில், இடையன்குடி என்னும் சிற்றூர் உள்ளது. 1841-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூருக்கு இருபத்தேழு வயது அயர்லாந்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே கால்டுவெல்.

அவர் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். செல்வக் குடும்பம் இல்லை. சிறுவராக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. படம் வரைவதில் அவருக்கு இருந்த நாட்டத்தைக் கண்ட வீட்டார், அக்கலையிலேயே அவர் பிழைத்துக்கொள்ளலாம் எனக் கருதி டப்ளின் நகருக்கு அனுப்பினர். அங்கே சில ஆண்டுகள் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயப்பணியில் மனம் சென்றது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்கம் கற்பித்த டேனியல் சாண்ட்ஃபோர்டு என்னும் பேராசிரியரின் வகுப்புகளே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருக்குத் தந்தன.

தூரிகையை விட்டாலும், ஓவியம் பயின்ற கண் அவரை விட்டு நீங்கவில்லை எனலாம். பொருள்களை அருகே சென்று பார்ப்பது, அளவையும் வடிவையும் குறித்துக்கொள்வது, ஒன்றை மற்றொன்றோடு வைத்து ஒப்பிடுவது ஆகிய பழக்கங்கள் பிற்காலத்தில் அவர் ஈடுபட்ட எல்லாத் துறைகளிலும் தென்படுகின்றன.

நடந்து கண்ட நாடு

1838-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் கால்டுவெல் சென்னையில் கரையிறங்கினார். அவர் வந்த கப்பலில் தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரௌனும் பயணம் செய்தார். நெடிய கடற்பயணத்தில் அவ்விருவருக்கும் பேசுவதற்கு மொழிகளைப் பற்றிய செய்திகள் நிறைய இருந்திருக்கும். சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கிய கால்டுவெல், அங்கே தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு என்னும் அறிஞரின் நட்பு அவருக்கு அப்போது வாய்த்தது.

நூல் வழியாகத் தமிழ் ஓரளவு வசப்பட்டது. ஆயினும் நகரத்துக் குடியிருப்பில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு மக்களை அறிய முடியாது என்று அவர் கருதினார். தென்கோடியில் பணியாற்றும் வாய்ப்பு வந்தபோது ஒரு முடிவு செய்தார். அக்காலத்து ஐரோப்பியர் குதிரையிலோ பல்லக்கிலோ செல்வது வழக்கம். கால்டுவெல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டார். சிதம்பரம், குடந்தை, தஞ்சை, திருச்சி எனக் காவிரி நாட்டின் ஊர்களைக் கடந்து, நீலகிரிக்கு ஏறி இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். 1841-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய அப்பயணம் அவ்வாண்டு இறுதி வரை நீண்டது.

நடந்து செல்பவர் வழியில் நிற்கவேண்டும், நீர் கேட்கவேண்டும், இரவு தங்க இடம் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்குந்தோறும் ஊருக்கு ஊர் மாறும் பேச்சு காதில் விழும். சென்னையில் கேட்ட தமிழுக்கும் தஞ்சைத் தமிழுக்கும் நெல்லைத் தமிழுக்கும் உள்ள வேறுபாடுகளை ஏட்டில் படித்தறிய அக்காலத்தில் வழியில்லை. பிற்காலத்தில் ஒப்பிலக்கணம் எழுதியவருக்கு அந்த நெடுவழி ஒரு பள்ளிக்கூடமாகவே அமைந்தது.

தேரி மண்ணில் ஓர் ஊர்

இடையன்குடியில் அவர் கண்டது ஒழுங்கான தெருக்கள் இல்லாத, ஓலைக்குடிசைகள் நெருங்கிய ஊர். மக்களுள் பெரும்பாலோர் பனைத்தொழில் செய்வோர். அத்தொழிலின் கடுமை இன்றைய தலைமுறைக்கு எளிதில் விளங்காது. பனையேறுபவர் காலில் தளைநார் பூட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் தாங்கி, நாள்தோறும் முப்பது, நாற்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். இறக்கிய பதநீரைப் பெண்கள் விடிலியில் அடுப்பேற்றிக் காய்ச்சுவர். பதம் தவறினால் பாகு கருகும். பதம் வந்தால் சிரட்டையில் ஊற்றிக் கருப்புக்கட்டி எடுப்பர். ஆண்டின் சில மாதங்களே இத்தொழில் நடக்கும். மீதி நாள்களில் கைக்கும் வேலையில்லை, வயிற்றுக்கும் போதாது.

கால்டுவெல் நிலத்தை அளந்து தெருக்களை நேராக வகுத்தார். கிணறுகள் வெட்டப்பட்டன. தெருவோரங்களில் மரங்கள் நடப்பட்டன. மணல் பறக்கும் ஊரில் மரம் வளர்ப்பது எளிய செயல் இல்லை. நட்டதைக் காப்பாற்ற நாள்தோறும் நீர் சுமக்கவேண்டும். பள்ளிகளும் எழுந்தன. இன்றும் இடையன்குடித் தெருக்களில் நடப்போர் அந்நேர்மையான அமைப்பைக் காணலாம்.

1847-இல் ஊரின் நடுவே பெருங்கோவில் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடம் தீட்டுவதற்கு டப்ளினில் பயின்ற கை உதவியது. கூரிய வளைவுகள் கொண்ட காதிக் கட்டடக்கலை ஐரோப்பாவுக்கு உரியது. அதனைக் கட்டவேண்டியவர்களோ தென்பாண்டி நாட்டுக் கொத்தனாரும் கல்தச்சரும். கோவில் மண்டபத்தையும் தூணையும் செதுக்கிப் பழகியவர்களுக்கு நுனி கூர்த்த வளைவு புதியது. சுண்ணாம்புச் சாந்தில் கருப்புக்கட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைக்கும் இந்நாட்டு மரபு ஐரோப்பியருக்குப் புதியது. தாளில் உள்ள கோட்டைக் கல்லில் கொண்டுவரும்போது ஒருவர் மற்றவரிடம் கேட்டே ஆகவேண்டும். பணம் வந்தபோது வேலை நடந்தது; இல்லாதபோது நின்றது. இவ்வாறு நின்றும் நடந்தும் முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. தொடக்கத்தில் உளி பிடித்தவர்கள் முதுமை அடைந்திருப்பர். அவர்கள் பிள்ளைகள் அவ்வுளியை ஏந்தியிருப்பர். 1880-ஆம் ஆண்டு சூலை மாதம் 6-ஆம் நாள்தான் அக்கோவில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

தலையணையில் மலர்ந்த பின்னல்

1844-இல் கால்டுவெல் எலிசா என்னும் பெண்மணியை மணந்தார். எலிசாவின் பெற்றோரான சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இருவரும் 1819 முதல் நாகர்கோவிலில் பணியாற்றி வந்தனர். நாகர்கோவிலில் வளர்ந்த எலிசாவுக்குத் தமிழ் இளமை முதலே பேசிய மொழி. இலக்கணம் படித்துத் தமிழ் பேசிய கணவருக்கு, வீட்டுத் திண்ணையிலும் கிணற்றடியிலும் பெண்கள் பேசும் தமிழை அறிந்த மனைவி வாய்த்தார். கணவரின் தமிழறிவு வளர்ந்ததற்கு எலிசா பெருந்துணையாக இருந்தார்.

இடையன்குடிக்கு அவர் கொண்டுவந்தது ஒரு கைத்தொழில். ஐரோப்பியப் பெண்கள் ஓய்வுநேரத்தில் பொழுதுபோக்காகவும், ஏழைப் பெண்கள் பிழைப்புக்காகவும் செய்துவந்த ரேந்தைப் பின்னல் வேலையை, அவருடைய தாயார் மார்த்தா 1820-களில் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்பித்திருந்தார். ரேந்தை என்னும் சொல்லே போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். இன்று லேஸ் என்றே பலரும் வழங்குகின்றனர். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர். நூலும் ஊசியும் அத்தகைய வேலையைச் செய்திருக்கின்றன.

பின்னும் முறை இது. உள்ளே இறுகத் திணித்த உருண்டைத் தலையணை ஒன்றை மடியிலோ முக்காலியிலோ வைப்பர். அதன்மேல் துளையிட்ட வடிவத்தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் தலையணையின் முன்புறம் தொங்கும். எளிய பின்னலுக்குச் சில இணைகள் போதும். நுண்ணிய வேலைக்குப் பல பத்து இணைகள் வேண்டும். இரண்டு இணைகளைக் கையில் எடுத்துக் குறுக்கே மாற்றுவதும் முறுக்குவதுமே அடிப்படை அசைவுகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் வடிவத்தாளின் துளையில் குண்டூசி குத்தி இழையை நிறுத்துவர். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுதும் உழைத்தாலும் நுண்பின்னல் சில விரற்கடை நீளமே வளரும்.

இடையன்குடிப் பெண்கள் இதனைக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. பனையோலையில் பெட்டியும் பாயும் முடைபவர்களுக்கு, எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்ற கணக்கு கைக்குள்ளேயே இருக்கும். வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் நாட்டில், துளைகளைச் சுற்றி இழை ஓடும் வடிவத்தாள் அத்தனை அயலாகவும் தோன்றியிராது. கற்பித்தவர் ஐரோப்பிய மரபில் வந்த பெண். கற்றவர்கள் தேரிக்காட்டுப் பெண்கள். ஒரே தலையணையின் மீது குனிந்து இருவரும் அமர்ந்திருக்கும் வேளையில் பேச்சு தானே வளரும். பிள்ளைகளைப் பற்றியும் நோய்நொடிகளைப் பற்றியும் பேசியிருப்பர். கால்டுவெல் எழுதிய பக்கங்களில் தென்படும் வீட்டுவழக்குச் சொற்கள் எவ்வெவ்வாறு அவருக்குக் கிடைத்தன என்று ஆராய்வோர் இத்தலையணையையும் மறக்கலாகாது.

பதநீர்க் காலம் முடிந்த வறண்ட மாதங்களில் இப்பின்னல் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது. பெண்ணின் கையில் அவள் உழைப்பால் வந்த காசு. அக்காலச் சிற்றூரில் அது சிறு மாற்றம் இல்லை. எலிசா நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்தும் பின்னலும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன.

ஒரு நூல் தந்த மனத்துயர்

கால்டுவெல்லின் வாழ்வைப் புகழ்ச்சியாக மட்டும் சொல்லிச் செல்வது அவருக்கும் நீதியாகாது. அவர் நடுவே வாழ்ந்த மக்களுக்கும் நீதியாகாது. 1849-இல் அவர் பனைத்தொழில் மக்களின் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றி ஆங்கிலத்தில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். பொருளுதவி செய்யும் ஐரோப்பியருக்குத் தம் பணிக்களத்தை அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். பனையேறும் முறை போன்றவற்றை அதில் கூர்ந்து வருணித்தார். ஆனால் அம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தோற்றத்தையும் பற்றித் தாழ்வாக மதிப்பிட்டார். அவர்கள் வரலாற்றைப் பற்றிப் போதிய சான்றின்றி முடிவுரைத்தார்.

அவர் அப்போது அவ்வூருக்கு வந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தம்மைப் பற்றித் தமக்குத் தெரியாத மொழியில் என்ன எழுதப்பட்டது என்பது அம்மக்களுக்கு உடனே தெரியவில்லை. அவர்தம் பிள்ளைகள் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றபோது தெரிந்தது. பள்ளிகளைத் திறந்தவர்களுள் ஒருவர் எழுதிய நூலை, அப்பள்ளிகளில் படித்த தலைமுறை படித்துப் பார்த்துச் சினந்தது. மறுப்புகள் எழுந்தன. 1880-களில் அவை அச்சிலும் வெளிவந்தன. கால்டுவெல் முதுமையடைந்த பின்னும் அக்கசப்பு மறையவில்லை. அம்மக்கள் பின்னாளில் கல்வியிலும் வணிகத்திலும் அடைந்த உயர்வு அந்நூலின் கருத்துகளுக்கு மறுமொழியாக நிற்கிறது.

பனையேறுபவரை அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வெளிநாட்டு வாசகருக்காக எழுதினார். எழுதியதை எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடம் படித்துக்காட்டும் வாய்ப்பை அவர் உண்டாக்கிக்கொள்ளவில்லை. கல்தச்சரிடம் கேட்டதுபோல, வழிநடையில் கேட்டதுபோல, இதிலும் கேட்டிருந்தால் நூல் வேறுவகையாக அமைந்திருக்கக்கூடும்.

அதன் பின் ஏழு ஆண்டுகள் கழித்து, 1856-இல், இலண்டனில் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை எல்லிஸ் 1816-இலேயே சுட்டியிருந்தார். அக்கருத்தை ஒலி, சொல், வேற்றுமை, வினை எனப் பகுதி பகுதியாக நிறுவிக் காட்டியவர் கால்டுவெல். அவரது முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தமிழ், மலையாளம், கன்னடம், துளு ஆகிய மொழிகளில் கை என்னும் சொல் ஒன்றாகவே நிற்கிறது. தெலுங்கில் அது சேயி என வழங்கும். தமிழின் செவி கன்னடத்தில் கிவி ஆகும். ககரமும் சகரமும் இவ்வாறு ஒழுங்காக மாறி வருவதை வரிசைப்படுத்தினால், அம்மொழிகள் ஒரு குடும்பத்தவை என்பது புலப்படும். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. இந்நூலைப் பற்றி மொழி வரலாற்றுப் பாடங்களில் விரிவாகப் பயில்வதால் இங்கு இவ்வளவே போதும்.

கொற்கையில் தோண்டிய குழி

அறுபது வயதைக் கடந்த பின் கால்டுவெல்லுக்குப் புதிய நாட்டம் ஒன்று பிறந்தது. சமயப்பணிக்கும் மொழிநூலுக்கும் இடையே கிடைத்த ஓய்வில், தாமிரபரணியின் கழிமுகத்துப் பழவூர்களைத் தேடிச் செல்லத் தொடங்கினார். இன்று அதனை மரபுநடை எனச் சொல்லக்கூடும்.

சங்க இலக்கியம் புகழும் கொற்கை பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர்பெற்றது. கிரேக்க நிலநூலார் கொல்கை எனக் குறித்த ஊர் அதுவே. ஆனால் கால்டுவெல் கண்ட கொற்கை, வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே இருந்த சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. துறைமுகம் எங்கே போயிற்று? அங்கே நிலத்தை ஆழத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கிடைக்கும். தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே சென்றது என்பதைக் கால்டுவெல் விளக்கினார். கொற்கை தூர்ந்தபோது வணிகம் காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்தபோது தூத்துக்குடி தலையெடுத்தது. ஆற்றின் வேலை ஊர்களின் தலைவிதியை மாற்றிய வரலாறு இது.

காயல் எது என்பதிலும் ஐயம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் செல்வத்தையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் பற்றிக் கூறியிருக்கிறார். கால்டுவெல் பழையகாயல் பகுதியில் நடந்து பார்த்தபோது, மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்தன. உழவர் கலப்பை நாள்தோறும் புரட்டிப்போட்ட ஓடுகள்தாம். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குச் சீனக் கப்பல்கள் கண்முன் வந்தன. மார்க்கோ போலோ கண்ட காயல் இதுவே என்று அவர் நிறுவினார்.

கொற்கையில் ஊர் ஆட்களைக் கொண்டு அவர் மண்ணை அகழ்வித்தார். அத்தேடலின் முடிவுகளை 1877-இல் இந்தியன் ஆண்டிகுவரி என்னும் ஆய்விதழில் வெளியிட்டார். அதே ஆண்டில் அவ்விதழில் முதுமக்கள் தாழி பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். இறந்தோரைப் பெரிய மண்தாழியில் வைத்துப் புதைப்பது பழந்தமிழர் வழக்கம். தாழியோடு சிறு கலங்களும் கிடைக்கும். நெல்லைச் சீமை மக்கள் அதனை மதமதக்கத்தாழி என்று அழைத்தனர். அது பற்றி ஒரு கதையும் சொல்லிவந்தனர். முற்காலத்தில் மனிதருக்குச் சாவே எளிதில் வராதாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிக் குழந்தையளவு ஆகிவிடுவார்களாம். பார்த்துக்கொள்ள இயலாத நிலையில், அவர்களைத் தாழிக்குள் அமர்த்தி, உணவும் நீரும் உடன்வைத்து மூடிவிடுவார்களாம். தாழியைத் தோண்டி எடுத்தவர்களின் கையில் எலும்பும் சிறு கலங்களும் அகப்பட, அதற்கு அவர்கள் மனம் கண்ட விளக்கம் அது. கால்டுவெல் அக்கதையைத் தள்ளிவிடாமல் எழுதிவைத்தார். எலும்புகளின் இயல்பான அளவே அக்கதைக்கு மாறாக நிற்பதை அறிவியல் காட்டும். எனினும் தாழிகளுக்கு உரியவர்கள் யார் என்ற வினாவை அப்போதே விடாது கேட்டுவந்தவர்கள் அவ்வூர் மக்கள்தாம்.

கால்டுவெல் செய்தது இன்றைய முறையில் அமைந்த அகழாய்வு எனக் கூற இயலாது. மண்ணடுக்குகளை அளந்து பதிவு செய்யும் முறை அப்போது வளரவில்லை. அவருக்கு நாள்களும் குறைவு. அப்பகுதியில் பிறரும் இத்தேடலில் ஈடுபட்டனர். 1876-இல் ஜெர்மனி நாட்டு யாகோர் ஆதிச்சநல்லூரில் தாழிகளை எடுத்தார். பின்னர் அலெக்சாந்தர் ரீ அங்கே விரிவாக அகழ்ந்தார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கி.மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது. அதே ஆற்றின் கரையிலுள்ள சிவகளையில் அண்மையில் தாழியொன்றிலிருந்து எடுத்த நெல் உமி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது என அறியப்பட்டுள்ளது.

இத்தேடல்கள் எல்லாம் சேர்ந்து 1881-இல் திருநெல்வேலி மாவட்ட வரலாறாக உருப்பெற்றன. பழங்காலம் முதல் 1801 வரையுள்ள செய்திகளை அந்நூல் கூறுகிறது. ஒரு மாவட்டத்துக்கென இவ்வளவு விரிவாக எழுதப்பட்ட தொடக்ககால வரலாறுகளுள் அதுவும் ஒன்று. பாளையக்காரர் போர்களை ஆங்கிலேயர் ஆவணங்களின் துணைகொண்டு எழுதியதால், அவ்வாவணங்களின் சாய்வும் நூலில் உண்டு. இன்று அதனைப் பயில்வோர் அதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

இறுதி நாள்கள்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் நெல்லைச் சீமையையும் விடவில்லை. தொல்பொருள் தேடிய அதே ஆண்டுகளில் கால்டுவெல்லும் எலிசாவும் பசித்தோருக்கு உணவளிக்கும் பணியிலும் இருந்தனர். 1877-இல் அவர் ஆயர் பொறுப்பை ஏற்றார். 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். சாயர்புரத்தில் நடந்துவந்த கல்லூரியும் அவ்வாண்டே அந்நகருக்கு மாற்றப்பட்டது.

உடல்நலம் குன்றியதால் 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறுப்புகளிலிருந்து விலகி, குளிர்ந்த காற்றுக்காகக் கொடைக்கானல் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கே காலமானார். அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவரின் உடலை மலையிலிருந்து இறக்கிச் செம்மண் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். தாம் வரைந்து, நெல்லைக் கல்தச்சர் எழுப்பிய இடையன்குடிக் கோவிலுக்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கியுள்ளது. கணவர் மறைந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்த எலிசா 1899-இல் மறைந்தார். அவருடைய உடலும் இடையன்குடிக்கே வந்து சேர்ந்தது.